கண்மாய்க் கரையில் ஓர் ஒலிப்பதிவு

மேலூரையும் கருங்காலக்குடியையும் தாண்டித் திருச்சி சாலையில் வடக்கே வந்தால் கொட்டாம்பட்டி. மேற்கே ஒரு சாலை நத்தத்துக்குப் பிரியும், கிழக்கே ஒன்று சிங்கம்புணரிக்கு. இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு சாவு விழுந்தால் பந்தலுக்கும் கொட்டுக்கும் ஆள் போகும்போதே ரேடியோ செட்டுக்காரருக்குப் போன் போய்விடும். பொழுது விடிவதற்குள் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒப்பாரி வைக்கத் தொடங்கும். ஏதோ ஒரு ஸ்டூடியோவில், கீபோர்டும் எதிரொலியும் சேர்த்து, யாருக்கென்று இல்லாமல் எப்போதோ பாடிவைத்தது. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, கூடப்பிறந்தவனுக்கு ஒன்று என்று செட்டுக்காரர் பென்டிரைவில் பிரித்து வைத்திருப்பார்.

வெளியூர்ச் சொந்தம் வேனில் வந்து இறங்கும்போதுதான் நேரில் பாடும் ஒப்பாரி ஆரம்பமாகும். தெருமுக்கிலேயே பெண்கள் கூந்தலை அவிழ்த்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் எழுந்து எதிரே ஓடிவருவார்கள். தோளில் தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்ததும் ஒருத்தி எடுப்பாள், மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் தங்கள் பாட்டைத் தொடங்குவார்கள். வாசலில் கொட்டுக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். குழாயில் ஒரு பாட்டு, முற்றத்தில் பத்துப் பாட்டு, வாசலில் அடி. ஒன்றோடொன்று ஒட்டாத இந்த மூன்று ஒலிகளும் சேர்ந்ததுதான் கேதவீட்டின் இசை. இதை உள்ளபடியே பதிந்து வெளியிட்ட ஒரு தமிழ் ஆல்பத்தை நான் இதுவரை கேட்டதில்லை. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் துக்கப் பாட்டான ப்ளூஸுக்கும் பக்திப் பாட்டான ஸ்பிரிச்சுவலுக்கும் அப்படிப்பட்ட நேரடிப் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. நம் துக்கப் பாட்டையும் பக்திப் பாட்டையும் சேகரித்தவர்கள் எதை எடுத்து வைத்தார்கள், எதைக் கீழே விட்டார்கள் என்று பார்க்கும் ஆசையில் எழுதியது இது.

முதலில் அமெரிக்கப் பக்கத்துக் கதை ஒன்று. 1938 டிசம்பர் 23ஆம் தேதி நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஜான் ஹேமண்ட் என்பவர் ‘ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்’ என்றொரு கச்சேரி ஏற்பாடு செய்தார். பணம் போட்டது ‘நியூ மாஸஸ்’ என்ற இடதுசாரிப் பத்திரிகை. தேவாலயத்தில் பாடுகிறவர்களும் சாராயக் கடையில் பாடுகிறவர்களும் அன்று ஒரே மேடையில் ஏறினார்கள். கறுப்பினத்தாருக்குள்ளேயே இது சின்ன விஷயம் இல்லை. ப்ளூஸ் சாத்தானின் பாட்டு என்று ஒதுக்கிவைத்த சபைகள் அநேகம். மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனையும் ஹேமண்ட் மேடையேற்ற நினைத்திருந்தார். தேடிப்போனபோது அவர் அந்த ஆகஸ்டிலேயே இறந்துவிட்டது தெரிந்தது. அவருக்குப் பதில் பிக் பில் புரூன்சி வந்தார் என்றாலும், ஜான்சனின் இசைத்தட்டுகள் இரண்டை மேடையிலேயே ஓடவிட்டார் ஹேமண்ட். அவ்வளவு பெரிய அரங்கம், பாட ஆளில்லாத மேடை, செத்தவனின் குரல் தட்டிலிருந்து சுற்றிச்சுற்றி வருகிறது. நம்மூர் வேப்பமரத்துக் குழாயை எனக்கு நினைவுபடுத்தும் காட்சி இது. இந்தக் கச்சேரியின் பதிவு 1959இல் இசைத்தட்டாக வெளிவந்தது.

அதே 1938இல் ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு அறிஞர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு அலைந்தார். நாற்பத்தாறு ஆண்டு கழித்து, 1984இல், நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அதே ஊர்களைத் தேடிப்போய், பாடியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். கிராமத்துக் குரலைப் பதிந்ததோடு நிற்காமல் அதைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்த வேலை என்பதால் எனக்கு இது முக்கியம். மற்ற பெரும்பாலான சேகரிப்புகள் ஒருவழிப் பாதைதான்.

தமிழில் சேகரிப்பு அச்சிலிருந்து தொடங்கியது. சார்லஸ் கோவரின் தென்னிந்திய நாட்டுப்பாடல் நூல் சென்னையில் 1871இல் வந்தது. பாட்டெல்லாம் ஆங்கிலச் செய்யுளாக உருமாறி நிற்கும். மெட்டு கிடையாது, பாடியது யார் என்பதும் இல்லை. நாஷ்வில் நகரத்தின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஆறேழு வருடமே ஆகியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள், கல்லூரிக் கடனை அடைக்க ஸ்பிரிச்சுவல்களைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியதும் அதே 1871இல்தான். அங்கே குரல் புறப்பட்ட வருடத்தில் இங்கே சொல் மட்டும் புத்தகமாயிற்று. தற்செயல்தான். ஆனாலும் அடுத்த நூறு வருடத்துக்கு நம் பக்கம் நடந்ததை இந்த ஒரு வருடத்திலேயே பார்த்துவிடலாம்.

பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958இல் ‘மலையருவி’ என்று வெளியிட்டது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. கி.வா.ஜ.வுக்கு நாட்டுப்பாடலில் இலக்கியச் சுவை முக்கியம், வானமாமலைக்கு அதைப் பாடிய வர்க்கம். ஒப்பாரிக்கு முன்னால் அவர் எழுதும் நாலு வரிக் குறிப்பு, விதவையின் சொத்துரிமை பற்றி ஒரு சட்டப் புத்தகம் சொல்லாததைச் சொல்லிவிடும். இரண்டு பேருக்குமே நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இரண்டு நூலிலும் ஒப்பாரி தனியாள் பாட்டாக, எதுகை மோனை சரியாக விழுந்த கவிதையாக நிற்கிறது. அழுகையும் இழுப்பும் நடுவில் விட்ட இடைவெளியும், எதிரே உட்கார்ந்தவள் குறுக்கே எடுத்த அடியும் உதிர்ந்துவிட்டன. பெயர்களும் அப்படித்தான். எந்த அண்ணனைத் திட்டினாள், எந்த நாத்தனாரைச் சாடினாள் என்பதை அச்சு நாகரிகம் வெட்டிவிட்டது.

அந்தப் பெயர்கள் வெறும் விவரம் கிடையாது. மேலூர்ப் பக்கத்தில் கேதவீட்டில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும்: ஒப்பாரியில் சொன்னதற்கு வழக்கு கிடையாது. பிறந்த வீட்டில் செய்ய வேண்டிய சீரைச் செய்யாத அண்ணனை, நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட கொழுந்தனை, அவர்கள் அங்கேயே துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருக்கும்போதே, செத்தவரை முன்னிலைப்படுத்தி ஒருத்தி பாட்டாகவே கேட்டுவிடலாம். சாதாரண நாளில் வாயைத் திறந்தால் வீடு இரண்டுபடும். இசபெல் கிளார்க்-டெசே என்ற மானிடவியலாளர் செஞ்சிப் பக்கத்தில் ஒப்பாரியை ஆராய்ந்து 2005இல் எழுதிய நூலின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளில் அமைந்தது. ஒவ்வொருத்தியும் தன் குறையைத்தான் அழுகிறாள் என்பது அவர் கண்டது. ஊர்ப் பெண்களுக்கு இது கண்டுபிடிப்பே இல்லை. ‘செத்தவளச் சாக்கா வச்சு அவ பாட்டை அவ பாடுறா’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள்.

ப்ளூஸோடு ஒப்பிடலாம் என்று எனக்குத் தோன்றும் இடம் இதுதான். கானாவைக் கேட்டவுடன் ‘தமிழ் ப்ளூஸ்’ என்று பட்டம் கட்டிவிடுகிறவர்களிடம் எனக்குச் சலிப்பு உண்டு. சோகமாக இருப்பதெல்லாம் ப்ளூஸ் என்றால் முகாரி ராகமும் ப்ளூஸ்தான். உறவு பாட்டின் கட்டுமானத்தில் இருக்கிறது. ப்ளூஸ்காரன் ஓர் அடியைப் பாடி, அதையே இன்னொரு தரம் பாடுவான். அந்த நேரத்தில் மூன்றாவது அடி மனதில் உருவாகிவிடும். ஒப்பாரிக்காரி ஈரடியாகக் கட்டுவாள். முதல் ஈரடியில் தங்கம் என்று வைத்தால் அடுத்ததில் வெள்ளி, முதலில் தென்னை என்றால் அடுத்து வாழை. வாய்பாடு அசையாது, சொல் மட்டும் மாறும். அந்த மாற்றத்துக்குள் அவள் அடுத்த குறையைத் தயார் செய்கிறாள். உச்சத்தில் எடுத்துப் படிப்படியாக இறங்கி, கடைசிச் சீர் விம்மலில் கரையும். அந்த இறக்கத்தில் குரல் எந்தச் சுரத்திலும் நிற்காமல் இரண்டு சுரத்துக்கு நடுவே வழுக்கும். ப்ளூஸ் கிதாரில் தந்தியை வளைத்து எடுக்கிற ஒலி அது. ஆர்மோனியக் கட்டையில் அது அகப்படாது. கீபோர்டு வைத்துப் பாடிய குழாய் ஒப்பாரி ஏன் பொய்யாகக் கேட்கிறது என்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

சேகரிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. பாடினால் சாவைக் கூப்பிட்டதாகும். தாலாட்டையும் நடவுப்பாட்டையும் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற அப்பத்தா, ஒப்பாரி என்றதும் எழுந்துவிடுவாள். ஆகவே கேதவீட்டுக்குள் கருவியோடு நுழைய வேண்டும், அல்லது ஊருக்கு வெளியே ஒரு மரத்தடிக்குப் பாடகியை அழைத்துப் போக வேண்டும். முதலாவது அத்துமீறல். இரண்டாவதில் சாவு இல்லை, எதிர்ப்பாட்டு இல்லை, கொட்டு இல்லை. ஒப்பாரி நேரடியாக மட்டுமே இருக்கக்கூடிய வடிவம் என்பதை அதைப் பாடுகிறவர்களே ஒரு விலக்காக வைத்திருக்கிறார்கள். இந்த விலக்கை மீறியது கேசட்.

இந்த மண்ணின் துக்கப் பாட்டில் அடிமை வாழ்வுக்கு ஆகக் கிட்டத்தில் போய்வந்தது இலங்கை மலையகத்தில்தான். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் முதலில் காப்பித் தோட்டத்திலும் பிறகு தேயிலையிலும் உழைத்தார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொல்லி அழைத்துப்போன கதை இன்னும் பேச்சில் உண்டு. அவர்களுடைய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை வாழ்நாள் முழுக்கத் திரட்டி, 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று வெளியிட்டார். அடுத்த வருடம் மறைந்தார். கங்காணியின் ஏய்ப்பும், துரையின் அதட்டலும், கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த ஊரும் அதில் மாறிமாறி வரும். அலன் லோமாக்ஸ் 1947, 48இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் கைதிகள் கோடாரி வீச்சுக்கு ஏற்பப் பாடியதைப் பதிந்தார். அதன் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டிய பாடல்கள் இவை. நமக்கு வாய்த்ததோ வேலுப்பிள்ளையின் புத்தகம்; அதைப் படிக்க வேண்டியிருக்கிறது, கேட்க முடியவில்லை.

தப்பு என்கிற பறையின் கதையும் இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசறைந்துகொண்டு கிளர்ந்தார்கள். அடுத்த வருடமே அடிமைகள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தது. அதற்குப் பிறகு தாளம் கைதட்டலிலும் காலிலும் மரப்பலகைத் தரையிலும் போய் ஒளிந்துகொண்டது என்பார்கள். இலங்கைத் துரைமார் அப்படித் தடுக்கவில்லை. தப்பையே தோட்ட மணியாக ஆக்கிக்கொண்டார்கள். விடியுமுன் தொழிலாளர் குடியிருந்த லயங்களை எழுப்பி, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அழைக்க அடித்தது பெரட்டுத் தப்பு. சாவுக்கு அடித்த கை, சாமிக்கு அடித்த கை, காலையில் சம்பளக் கணக்குக்கும் அடித்தது.

ஸ்பிரிச்சுவல் பக்கம் வருவோம். மதுரைக்கு அமெரிக்க மிஷன் 1834இல் வந்தது. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை முதன்மையாக வைத்து, 1853இல் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். ஆங்கிலப் பாமாலையின் மெட்டில் தமிழைத் திணித்துப் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் அந்த விடுதலை பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராக தாளத்தோடு வந்தது. மதுரைச் சீமையில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும் பங்கினர் சேரிமக்கள். அவர்கள் வீட்டில் பாடியது தெம்மாங்கும் ஒப்பாரியும். ஞாயிற்றுக்கிழமை அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது.

கத்தோலிக்கர் இந்த விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டவர்கள். யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளில் தவக்காலத்தில் சாங்கோபாங்க சுவாமி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி இழுப்பிலேயே வாசிப்பார்கள். மகனைச் சிலுவையில் பார்த்த தாய் அழுகிறாள். அவள் ஊர்ப் பெண்ணைப் போலத்தானே அழுவாள். இதற்கு மேல் எந்த இறையியலும் அங்கே தேவைப்படவில்லை.

சீர்திருத்தச் சபையில் அதைச் செய்ய மதுரை அரசரடியில் ஓர் ஆள் வர வேண்டியிருந்தது. ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005), மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். தலைமுடியால் வந்த பெயர், பிறகு பாட்டுக்கும் அதுவே முத்திரை. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய அவருக்குக் கர்நாடக இசையும் தெரியும், மேற்கத்திய இசையும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டையும் தள்ளிவைத்தார். கீர்த்தனையின் ராகமும் சமஸ்கிருதச் சொல்லும் சாதியைச் சபைக்குள் கடத்திவருகின்றன என்பது அவர் கட்சி. 1990களில் அவர் உருவாக்கிய ‘கிராமிய இசை வழிபாடு’ பாவ அறிக்கையிலிருந்து திருவிருந்து வரை முழு ஆராதனை முறைமையையும் நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் அமைத்தது. பறை கோயிலுக்குள் வந்தது. கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். அம்மாவா அப்பாவா என்ற கேள்விக்கே இடமில்லாத விளி. அப்பமும் ரசமும் பகிர்வதை ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதோடு இணைத்தார். யார் கையால் சோறு வாங்கலாம், யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதில்தான் சாதி உயிரோடு இருக்கிறது என்று அறிந்த ஒருவரின் திருவிருந்து அது.

அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் 1990களில் மதுரையில் தங்கி அவரிடம் கற்று, 2014இல் ஒரு நூல் எழுதினார். பரட்டையைப் பற்றி இன்றும் ஆக விரிவான ஆய்வு அதுதான் என்பது நம் தமிழ்த் துறைகளுக்குப் பெருமை சேர்க்கும் செய்தியாக இல்லை. நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம், மாற்ற வேண்டும் என்பதில் பரட்டை உறுதியாக இருந்தார். தேர்ந்த பாடகர் குழு வேண்டாம், விலை உயர்ந்த வாத்தியம் வேண்டாம், ஒருமுறை கேட்டால் திருப்பிப் பாட வர வேண்டும். ஊரில் வேறு சொல் போட்டுப் பாடினால் அது பிழை கிடையாது, பாட்டு பிழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1972இல் ஸ்பிரிச்சுவலையும் ப்ளூஸையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். ப்ளூஸும் ஒருவகை ஸ்பிரிச்சுவல்தான், கோயிலுக்கு வெளியே பாடியது என்பது அதன் சாரம். கோனுக்கு முன்பே அந்தச் சுவரைத் தன் வாழ்க்கையில் உடைத்தவர் தாமஸ் டார்ஸி. சிற்றின்ப ப்ளூஸ்களுக்குப் பியானோ வாசித்துப் பேர் வாங்கியவர், 1932இல் பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் இழந்த துக்கத்தில் எழுதிய பக்திப் பாட்டால் காஸ்பல் இசையின் தந்தையானார். பரட்டை இதே கதவை மறுபக்கத்திலிருந்து திறந்தார். ஆராதனைக்குள் ஊர்ப்பாட்டைக் கொண்டுவந்தவருக்குத் தெம்மாங்கும் தொழுகைதான். ப்ளூஸையும் ஸ்பிரிச்சுவலையும் ஒன்றாகப் பாடிய நேரடி ஆல்பம் ஒன்று தமிழில் உண்டா என்று என்னைக் கேட்டால், அரசரடியில் பரட்டை நடத்திய ஆராதனைகளைத்தான் சொல்வேன். அதை அங்கே நின்று பாடியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஊர்ப்பாட்டு மேடைக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது, வேகமாகக் கடந்துவிடலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு சேர்ந்து கிராமத்துப் பாட்டைக் கல்யாண மேடைக்கும் கேசட்டுக்கும் கொண்டுபோனார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். கொல்லங்குடி கருப்பாயி 1985இல் ‘ஆண் பாவம்’ வழியாகவும், பரவை முனியம்மா 2003இல் ‘தூள்’ வழியாகவும் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தார்கள். ஃபிஸ்க் மாணவர்களுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. மேடைக்குப் போன பாட்டு நிமிர்ந்து நின்றது, உடுத்திக்கொண்டது, மூன்று நிமிடத்தில் முடிந்தது. கச்சேரி ஸ்பிரிச்சுவல் உண்மையான ஸ்பிரிச்சுவலே இல்லை என்று ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1934இல் கோபமாக எழுதினார். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. முனியம்மா இருந்தவரை, ஒலிபெருக்கி முன்னால் நின்று குலவை போட்டால் கூட்டத்தில் பத்துப் பெண்கள் திருப்பிப் போடுவார்கள். அந்தப் பத்துக் குலவை எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.

கே. ஏ. குணசேகரன் வேறு மாதிரி. இளையான்குடி பக்கம் மாரந்தையில் 1955இல் பிறந்து, கட்சி மேடைகளில் பாடி, ‘தன்னானே’ குழுவை நடத்தி, பேராசிரியராகி, 2016இல் மறைந்தவர். கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டு அவர் குரலில்தான் ஊர் ஊராகப் போனது. அவரைத் திறந்த வெளியில் கேட்டவர்கள் சொல்வது ஒன்றுதான்: எடுப்பு அவருடையது, முடிப்பு கூட்டத்துடையது. கேசட்டில் அந்தக் கூட்டம் இல்லாததால் பாட்டு ஒரு கை குறைந்து ஒலிக்கும்.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் கேட்க வேண்டுமானால் மேலவளவுக்குப் போக வேண்டும். 1997 ஜூன் 30ஆம் தேதி, தனித்தொகுதியான அந்த ஊராட்சியின் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் ஓடுகிற பேருந்தை நிறுத்தி வெட்டிக் கொன்றார்கள். வருடாவருடம் நினைவு நாளன்று அங்கே பறையும் பாட்டும் உண்டு. சாவுப் பாட்டு அங்கே செத்தவரை அனுப்பி வைப்பதற்குப் பாடப்படுவதில்லை. இருத்தி வைப்பதற்குப் பாடப்படுகிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று 1990களில் பல ஊர்களில் தலித்துகள் பறையைக் கீழே வைத்தார்கள், அதனால் அடியும் பட்டார்கள். அதே பறையை மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்களில் விரும்பி எடுத்து அடித்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் அந்தப் பாதையில் நடந்து 2025இல் பத்மஸ்ரீ வரை போயிருக்கிறார். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் பறையையும் கிதாரையும் ஒரே மேடையில் ஏற்றியது. நீலம் பண்பாட்டு மையத்தின் ‘மார்கழியில் மக்களிசை’ 2021இல் மதுரைக்கும் வந்தது. ஒப்பாரி அந்த மேடைகளில் கைதட்டு வாங்குகிறது. ஒப்பாரி முடிந்ததும் கைதட்டுகிற ஒலியைக் கேட்க எனக்கு இன்னும் பழகவில்லை; பழகிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

நேரடிப் பதிவு என்பது என்ன செய்கிறது? பி. பி. கிங் 1964 நவம்பர் 21ஆம் தேதி சிகாகோவின் ரீகல் தியேட்டரில் வாசித்த பதிவில், அவர் ஓர் அடியைத் தொடங்கியதுமே பெண்கள் கூவுவது கேட்கும். அடுத்த அடி என்ன என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் கூவுகிறார்கள். அரீத்தா ஃபிராங்க்ளின் 1972 ஜனவரியில் இரண்டு இரவுகள் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பாப்டிஸ்ட் கோயிலில் பாடிய ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பத்தில் சபை பதில் சொல்கிறது, எழுந்து நடக்கிறது, அழுகிறது. அதைப் படமாகவும் எடுத்தார்கள். எடுத்தவர்கள் கிளாப் பலகை அடிக்க மறந்ததால் உதட்டசைவையும் ஒலியையும் பொருத்த முடியாமல் அந்தப் படம் பல்லாண்டு காலம் பெட்டியில் கிடந்து, 2018இல்தான் வெளிவந்தது. இதைப் படித்தபோது நம் சேகரிப்புகள் முழுவதும் கிளாப் அடிக்காத படங்கள் என்று தோன்றியது. சொல் ஒரு நூலகத்தில், குரல் ஒரு கேசட்டில், தாளம் ஒரு கலைவிழாவில், கூட்டம் எங்கேயோ.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கேதவீட்டில் யாரோ ஒரு பேரன் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்புகிறான். குழாய் ஒப்பாரி, முற்றத்து ஒப்பாரி, கொட்டு, ஐஸ் பெட்டியின் இரைச்சல், நாய் குரைப்பு எல்லாம் ஒன்றாக விழுந்திருக்கும். நான் மேலே கேட்ட ஆல்பம் அதுதான். மூன்றாம் நாள் பால் தெளித்து, பதினாறு முடிந்து, போனில் இடம் இல்லை என்று அழித்துவிடுகிறான்.

போன வருடம் கொட்டாம்பட்டிக்குத் தெற்கே ஓர் ஊரில் எனக்கு அறிமுகமான ஓர் அப்பத்தாவிடம் ஒப்பாரி கேட்டேன். ‘பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டுல கேக்குற கேள்வியாப்பா இது’ என்று வைதுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, செருப்பை மாட்டிக்கொண்டு ‘வா’ என்றது. கண்மாய்க் கரை வரை நடந்தோம். தண்ணீர் இல்லை, கருவேலம் மண்டிக் கிடந்தது. கருவேல நிழலில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தது. பதினொரு நிமிடம் பாடியது. சின்ன வயதில் செத்துப்போன தன் தம்பிக்கு. எதிர்ப்பாட்டுக்கு ஆள் இல்லாததால் ஒவ்வொரு ஈரடிக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்திக் காத்திருந்தது. அந்த இடைவெளியில் நாற்கர சாலையில் போன லாரிகள் பதிவாகியிருக்கின்றன.

முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘அதுல என் தம்பி பேரு விழுந்திருக்கா?’ என்று கேட்டது.

‘விழுந்திருக்கு அப்பத்தா.’

‘அப்ப வீட்டுல வச்சுப் போட்டுறாத. கேக்கணும்னா இங்ஙன வந்து கேளு.’

தலையாட்டிவிட்டு வந்தேன். மேலூர் வருவதற்குள் பஸ்ஸிலேயே ஒருமுறை கேட்டுவிட்டேன். அதை அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.